ரோனி என்னிடம் சொன்னான்

கிள்ளான்
செப்டம்பர் 14

அன்பு மகள் பெர்னிஸுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதை நலம் என்றுதான் எழுத வேண்டும் என்பதால் நலம் என்று எழுதுகிறேன். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, எண்ணெய் தேய்த்துவிட்டால் திட்டுகிறார், தேய்க்காவிட்டாலும் திட்டுகிறார். பக்கத்து வீட்டு வாணி மகனோடு இருக்க டெங்கிலுக்குப் போய்விட்டாள், சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது பேச்சுச் சத்தமே இல்லை. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ நடுவில் "பரவால்லமா" என்று சொல்லிவிடுவாய், அதற்கு மேல் எனக்குப் பேச வராது. அதனால் இதைக் கடைசிவரை படி.

தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தின் மேல் ஒரு பைபிள் வசனம் போட்டு அனுப்புகிறாய். உன் மனசு எனக்குத் தெரியும், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அவை வரும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வந்தது. உன் தம்பி ரோனி இறந்து, வருகிற நவம்பரோடு இரண்டு வருஷம். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வசனத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். ஜெபக் கூட்டத்துப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு "நல்ல பிள்ளைங்களதான் ஆண்டவர் சீக்கிரம் கூப்பிடுவாரு ஆன்டி" என்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் வீட்டில் இருக்கின்றன. மறுநாள் கொசுப் புகை அடிக்க ஆட்கள் வந்தார்கள், ஜன்னலைச் சாத்துங்கள் என்றார்கள், டெங்கியில் பிள்ளையைக் கொடுத்த வீடு என்று அவர்களுக்குத் தெரியாது.

ஜனவரியில் ஒருநாள் நீ அனுப்பிய வசனத்தைப் பார்த்துக் கோபத்தில், இது நிஜமாகவே இப்படித்தான் இருக்கிறதா, இதற்கு முந்திய வரி என்ன என்று பார்க்கலாம் என்று எங்கள் கல்யாணத்துக்கு வந்த பைபிளை எடுத்தேன். முப்பத்திரண்டு வருஷமாக அலமாரியில் இருந்தது, தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. முந்திய வரியில் ஒரு கண்டிப்பு இருந்தது, அதை யாரும் ரோஜாப்பூ மேல் போட்டு அனுப்புவதில்லை. அன்றிலிருந்து ஒரு நற்செய்தியை முதல் பக்கத்தில் தொடங்கினேன். அப்பா காலையில் பசியாற நாசி லெமாக் வாங்கப் போகும் நேரத்தில், அடுப்படி மேசையில், ஒரு நாளைக்கு ஐந்து வரி, முடியாத நாளில் இரண்டு. ஆறுதல் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், வரவில்லை. வாசித்துவிட்டு மூடுவேன், மறுநாள் திறப்பேன், அவ்வளவுதான்.

ஏழாம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறாள். ஒரே மகன் செத்துவிட்டான், பாடையை ஊருக்கு வெளியே தூக்கிப் போகிறார்கள், இயேசு வந்து அவனை எழுப்பி அவளிடமே கொடுத்துவிடுகிறார். பைபிளை மூடினேன் பெர்னிஸ். அவளுக்குக் கொடுத்தீரே, நான் என்ன கேட்டுவிட்டேன் என்று சத்தமாகவே கேட்டேன். ஒன்பது நாள் தொடவில்லை. பத்தாம் நாள் பக்தியில் திறக்கவில்லை, சண்டை போடத்தான் திறந்தேன். அதே பகுதியை ஒரு வாரம் படித்தேன். அவள் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அவரும் அவளிடம், நீ நல்ல தாயாக இருந்தாயா, பிள்ளையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாயா என்று கேட்கவில்லை. அழாதே என்று மட்டும்தான் சொன்னார். அந்த இடத்தில் எனக்குப் பயம் வந்தது, ஏனென்றால் என்னிடம் அப்படிக் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அடுத்த அதிகாரத்திலேயே, மறைத்து வைத்தது எதுவும் மறைந்தே இருக்காது என்று வருகிறது. அந்த ஒரு வரியிலேயே மூன்று வாரம் நின்றேன்.

அடக்கம் முடிந்து நீ திரும்பிப் போகும்போது, ஏர்போர்ட்டில் வைத்துக் கேட்டாய், "மொதல் நாளே காய்ச்சல்னு தெரியாதாமா?" என்று. நான், "அவன் எங்க சொன்னான், அவன்தான் எதையும் வாயத் தொறந்து சொல்ல மாட்டானே" என்றேன். அது பொய். திங்கட்கிழமை காலையில் ரோனி அடுப்படி வாசலில் வந்து நின்று, "மா, ஒடம்பு ரொம்ப வலிக்குதுமா, இன்னிக்கு வேலைக்குப் போகாம எம்சி எடுக்கட்டுமா?" என்று கேட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "போன வாரந்தானே எடுத்த, பெனடோல் போட்டுட்டு போ லா" என்றேன். போனான். வியாழக்கிழமை பார்சல் கிடங்கிலேயே விழுந்தான், சனிக்கிழமை இல்லை.

என் பொய்யை நம்பித்தான் நீ போன வருஷம் அவன் முதலாம் ஆண்டு நினைவு அட்டையில், வேதனையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டவன் என்று அச்சடித்தாய். நினைவுப் பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று செத்த பிள்ளையைக் குறை சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இந்த வருஷம் அந்த வரியைப் போடாதே. யாராவது கேட்டால் அவன் சொன்னான், அம்மாதான் கேட்கவில்லை என்று சொல்.

போன மாதம் முதலில் அப்பாவிடம் சொன்னேன். டிவியை அணைத்தார், என்னைப் பார்க்கவில்லை. "தெரியும் மேரி, நான் உள்ள சட்டைக்கு அயர்ன் போட்டுட்டு இருந்தேன், கேட்டுச்சு. நானும் ஒண்ணும் சொல்லல" என்றார். இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருவரும் அதை வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம். அதற்குப் பிறகு நான்காம் நாள் நான் வாசிக்க உட்கார்ந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தார், "சத்தமா படி" என்றார். இப்போது பதின்மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறோம். மனசு லேசாகிவிட்டது என்று நினைக்காதே, ஆகவில்லை. முன்பு ஆண்டவரிடம் ஒன்றும் பேசாமல் பூசைக்குப் போய்வந்தேன், இப்போது அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லாமல் கசந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். இதுதான் விசுவாசத்தில் வளர்வது என்றால் எனக்கு வளர்ந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை இருவரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறோம், இங்கே எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் கொமூட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்கு. ஃபாதரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.

கோபம் வந்தால் கோபப்படு, போன் எடுக்காவிட்டாலும் பொறுத்துக்கொள்வேன். உன்னையும் மாப்பிள்ளையையும் ஆண்டவர் எந்த ஆபத்தும் அண்டாமல் காக்கட்டும், பேரன் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போட்டுவிடு. அவன் உடம்பு வலிக்கிறது என்று சொன்னால், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்கச் சொல்கிற பொய்யாகவே இருந்தாலும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி அவன் முகத்தைப் பார்.

உன் அம்மா,
லியனார்ட் சாந்தமேரி