வளைந்த இலை

அப்பா,

இந்தத் தட்டில் வைக்கோல் வாசனை அடிக்கிறது. ஷ்வேப்யிதா பீங்கான் தொழிற்சாலையிலிருந்து நீங்கள் வரும்போது உங்கள் சட்டையில் இருக்குமே, அதே வாசனை. கரண்ட் இல்லை. அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மேஸ்திரி மாமா இன்று மாலை இதைக் கொண்டுவந்தார். தட்டு வெளிவருவதற்குள் நீங்கள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். விளிம்பைச் சுற்றி ஆகாயத்தாமரை இலைகள். ஓர் இலை மட்டும் இடம் போதாமல் வளைந்து நிற்கிறது. அது நான் வரைந்தது. வட்டத்தை அளந்து பங்கிடாமல் வரைந்துகொண்டே போனதால், கடைசி இலையை வளைக்க வேண்டியதாயிற்று.

முதலாளியிடம் காட்டுவதாகச் சொல்லி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனீர்கள். திரும்பி வந்து, "முதலாளிக்குப் பிடிக்கலை பாப்பா. அந்தக் கோண இலையைப் பார்த்துச் சிரிச்சிட்டார்" என்றீர்கள். அன்று நான் சாப்பிடவில்லை. தாமுவே சந்தையில் மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிவந்து நீங்களே ஊட்டினீர்கள்.

தட்டைக் கவிழ்த்தேன். அடியில் உங்கள் பெயர்.

நம் அலமாரியில் இருக்கும் பழைய இங்கிலாந்துத் தட்டையும் இப்படித்தான் கவிழ்த்துக் காட்டுவீர்கள். அடியில் ஒரு பெண்ணின் பெயர். சின்ன வயதிலேயே விளிம்புக்கு வண்ணம் தீட்டப் போனவள் என்பீர்கள். போர் முடிந்த காலத்தில் பூப்போட்ட தட்டெல்லாம் வெளிநாடுகளுக்குக் கப்பலேறிவிட, அவள் வீட்டில் வெள்ளைத் தட்டில்தான் சாப்பிட்டார்களாம். அவள் வரைந்ததை மேலாளர் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டாராம். "என் பேரைப் போடு, இல்லேன்னா பிரஷ்ஷைத் தொடமாட்டேன்னு நின்னா பாரு, அவ பொம்பளை!" என்று மேசையில் குத்துவீர்கள். பிறகு வந்த தட்டுகளிலெல்லாம் அவள் பெயர்தான். தொழிற்சாலை கைமாறி அவளை வீட்டுக்கு அனுப்பிய பின்னும் அந்தப் பெயர் அழியவில்லை என்பீர்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என் தாளை எப்படி அப்பா எடுத்துக்கொண்டு போனீர்கள்?

"அவன் கையே கை, தங்கச்சி. வரைஞ்சது இன்னும் கிடந்தா குடு, முதலாளி கேக்குறார்" என்று மாலையில் தட்டைக் கொடுத்தபோது அம்மாவிடம் சொன்னார் மாமா.

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "ஒரு பெட்டி நிறைய இருக்குண்ணே. நாளைக்கு வந்து எடுத்துக்குங்க. இவளும் அவரு வரைஞ்சதைப் பாத்துத்தான் பழகுறா."

அப்படியா சொல்லி வைத்திருந்தீர்கள்? உங்களுக்கு நேர்க்கோடுகூட வராதே அப்பா.

உங்கள் படத்துக்கு முன்னால் இந்தத் தட்டை வைத்து அம்மா ஜெபம் பண்ணினாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வேன்? சொன்னால் நம்புவாளா, அறைவாளா?

இப்போது பெட்டியைத் திறந்து, நான் வரைந்த ஒவ்வொரு தாளின் பின்னாலும் 'ரூத்' என்று என் பெயரை மையால் எழுதி முடித்துவிட்டேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சில எழுத்துகள் கோணல். நாளை மாமா தாள்களைப் புரட்டும்போது அம்மாவும் பார்ப்பாள். பயமாக இருக்கிறது.

எந்தத் தட்டைக் கண்டாலும் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் என்னை இன்னும் விடவில்லை. அது நீங்கள் கொடுத்தது அப்பா.