கோளாறு உன் கையில் இல்லை, மச்சான்

எவ்வளவு கேலி செய்தாலும் என்னைச் சாப்பிடாமல் அனுப்பாத என் பாசமுள்ள மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிவிட்டது. மலைமேல் திரிங்காப் ஊரில் காய்கறி லோரி ஓட்டும் உன் கூட்டாளிகள் இன்னும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நீ சிரித்துக்கொள்.

பக்கவாதத்தில் உனக்கு வலது பக்கம் விழுந்த பிறகு கிளினிக் தாதி ஒன்றுதான் சொன்னாள். "கட்டைவிரல அசைச்சுக்கிட்டே இருங்க." நீ டிவி பாக்ஸ் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டாய். ஒரு அமுக்கு, திரையில் ஒரு படம் நகரும். காலை முழுக்க அதே வேலை. படமா பார்த்தாய்? நகர்வதைத்தான் பார்த்தாய்.

எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே. நீ கண்ணசந்தபோது பேட்டரிகளைத் திருப்பிப் போட்டேன். என் போனிலிருந்தும் அந்த பாக்ஸை இயக்கலாம் என்பது உனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. எழுந்து அமுக்கினாய், ஒன்றும் அசையவில்லை. அக்கா வாங்கி அமுக்கினாள். நான் பின்னால் நின்று போனைத் தட்டினேன். படம் நகர்ந்தது.

"ரிமோட்டு நல்லாத்தான் இருக்கு மச்சான். உன் கைதான் பென்சன் வாங்கிருச்சு லா," என்றேன்.

"அப்டித்தான் போல," என்று குழறினாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்.

உண்மையைச் சொல்லிச் சிரிக்க வாயைத் திறந்தேன். தேயிலை ஏற்ற ஆள் போதவில்லை என்று தோட்டத்துக் கங்காணி வாசலில் நின்று கூப்பிட்டார், போய்விட்டேன். மறுநாள் பேட்டரியைச் சரியாகப் போட்டு நீட்டினேன். நீ தொடவில்லை. தாதி கொடுத்த ரப்பர் பந்தையும் தொடவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை, மச்சான்?

போன வாரம் ரிமோட் நிஜமாகவே செத்துப்போனது. அக்கா கூப்பிட்டாள். பனி ஈரத்தில் பேட்டரி முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. சுரண்டினேன். புது பேட்டரி போட்டேன். பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டி, பட்டனை அமுக்கியபடி காத்திருந்தேன். திரை அசைந்தது.

"அவருக்கு அசையலையேடா," என்றாள் அக்கா. "நான் எண்ணெய ஒழுங்கா தேய்ச்சு விட்டிருந்தா அந்தக் கை மரத்துப் போயிருக்காது."

அவள் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். அவளும் பாவம், சிரித்தாள்.

நாளைக்கு இலை நிறுத்துப் போட்டதும் நேரே அவளிடம் போகிறேன். அவள் முதலில் நம்பமாட்டாள், வழக்கமான விளையாட்டு என்றுதான் நினைப்பாள். நம்பும்வரை திரும்பத் திரும்பச் சொல்வேன். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சோறு இருக்காது. பரவாயில்லை. அவள் கை சுத்தமான கை என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். இது சத்தியம்.

உன் பெண்டாட்டிக்குத் தம்பியாய்ப் பிறந்த,
மச்சினன்