நாண் அவிழ்த்த வில்லின் பொருட்டு

மழை தவறாது பொழிக. மறம் தணிக. படைத்தவன் திருவடி நிழலில் எல்லா உயிரும் இளைப்பாறுக.

பொன்னிலை நாட்டின் காவலரும், ஏறர் குலத்து வாட்கோவின் புதல்வரும், காட்டில் வாழும் நெடுவாழ்நாள் இயக்கர் குலத்துக் குருந்தியாரின் வயிற்றில் பிறந்தவருமாகிய வேந்தர் கழையர் சொல்ல, அமைச்சன் நம்பிச்சேந்தன் எழுதிய ஓலை. கருங்குன்றம் காக்கும் வடகரைப் படைத்தலைவர் கொற்றந்தையார் இதைக் கண்டு தெளிக. உம் குன்றத்துச் சுனைகள் வற்றாதிருக்கவும், உம் குடிகளின் உலைகள் ஓயாதிருக்கவும், உம் தமையனார் பூதந்தையார் இறைவனடியில் அமைதி பெறவும் வேந்தர் வேண்டிக்கொள்கிறார்.

பிடிபட்ட இயக்கர் நாற்பதின்மரையும் நாளை மறுநாள் கதிர் எழும்போது யானைக்காலில் இடப்போவதாக நீர் அனுப்பிய செய்தி வந்தது. அவர்களுள் வேந்தரின் தாய்மாமன் ஞாழலார் இருப்பதை அறிந்தே இதைச் செய்வதாகவும், மாமன் முறை பாராட்டி வேந்தர் குறுக்கே நின்றால் வடகரைப் படை இனி எவருக்காக வாளெடுக்கும் என்றும் கேட்டிருந்தீர். வேந்தர் சினக்கவில்லை. இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கொற்றந்தை கேட்டதில் தவறில்லை, ஆனால் பாதி மட்டுமே தெரிந்து ஒருவன் நாற்பது உயிரை எடுக்கலாகாது, மீதியை எழுது என்றார்.

வேந்தரின் பாட்டனார் சந்தனக் காடுகளுக்காக இயக்கரோடு முப்பது ஆண்டு பொருதவர். அப்போரில் பத்தொன்பது வயது வாட்கோ தொடையில் அம்பு தைத்து வீழ்ந்தார். அம்பை எய்த குருந்தியார் அதைப் பிடுங்கிக்கொண்டு போகத்தான் வந்தார். கிடந்தவர் தம் தாயைக் கூப்பிட்டு அழுவதைக் கண்டதும் அம்பை மறந்தார். அவரை முதுகில் சுமந்து மூன்று நாள் நடந்து எல்லையில் இறக்கிவிட்டார். கால் ஆறியபின் வாட்கோ படைக்கலம் ஏதுமின்றிக் காட்டுக்குப் போய் அவரை மணந்து வந்தார். ஒரு பகையாளியின் அழுகைக்கு ஒருத்தி இரங்கியதால் இந்நாட்டுக்கு ஓர் அரசர் கிடைத்தார் என்பதை நீர் மறவாதிருத்தல் வேண்டும்.

அரண்மனையோ இரங்கவில்லை. குருந்தியார் தொட்ட பாத்திரங்களைப் பெண்டிர் கவிழ்த்து வைத்தனர். பதினோராம் ஆண்டில் அவர் காட்டுக்கே திரும்பினார். இயக்கர் இமைப்பதில்லை, கழையர் அரிதாகவே இமைப்பார். இவனைக் கோட்டைக் காவலுக்கு வைக்கலாம், உறங்கமாட்டான், அரியணையில் வைத்தால் நமக்கல்லவா உறக்கம் போகும் என்று அவையோர் சிரித்தனர். ஆகவே வேந்தர் எண்ணி எண்ணி இமைக்கப் பழகினார். தாய்மொழியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். அறுபத்தொரு வயதிலும் முப்பதின் முகத்தோடு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆட்சி புரிந்தும், காட்டுக்கு ஒரு தூதும் விடவில்லை. காட்டின் வழக்கங்களைத் தம் படைக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இரு வழக்கும் அறிந்தவர் இந்நாட்டில் அவர் ஒருவரே.

இனிக் கருங்குன்றத்தில் நடந்ததைக் கேளும். இறந்தவர்மேல் மரக்கன்று நட்டு அதையே அவராக எண்ணி வணங்குவோர் இயக்கர். அங்குக் கோட்டைத்தலைவராய் இருந்த உம் தமையனார் அதை அறியாமல், கோட்டைக் கதவுக்காக அத்தகைய தோப்பு ஒன்றை வெட்டினார். ஞாழலார் முந்நூறு பேரோடு வந்து கோட்டையை வளைத்தார். பத்தாம் நாள் குடிநீர் தீர்ந்தது. தம் இருநூறு வீரரும் மடிவதை விரும்பாத பூதந்தையார், விற்களின் நாணை அவிழ்த்து வாயிலின்முன் அடுக்கச் சொன்னார். அதற்கு அடைக்கலம் என்பது பொருள் என நம் நாட்டில் பால்குடி மறந்த பிள்ளையும் அறியும். காட்டிலோ அதன் பொருள் வேறு. தொலைவிலிருந்து சாக எனக்கு மனமில்லை, அருகே வந்து கத்தியால் என்னைக் கொன்று பார் என்பதே அது.

இயக்கர் மெய்சிலிர்த்தனர். இத்தகைய வீரரை அம்பால் கொல்வது இழிவு என்று தம் நாண்களையும் அவிழ்த்துவிட்டு, கத்தியோடு உள்ளே புகுந்தனர். வெறுங்கையோடு நின்றவர்கள் தங்களைக் கட்டத்தான் வருகிறார்கள் என எண்ணிக் கைகளை நீட்டினர். நீட்டிய கைகளோடு அறுபட்டனர். உம் தமையனார் இது முறையன்று, முறையன்று எனக் கூவியபடியே கழுத்தில் குத்துண்டு சாய்ந்தார். படிகளில் குருதி வழுக்கி, கொன்றவர்களும் விழுந்து எழுந்தனர். தானியக் குதிர்களுக்குள் ஒளிந்தவர்களை, இது வீரர்க்கு அழகா என்று கடிந்தபடி இழுத்துக் கொன்றனர்.

செய்தி கேட்டு முப்பது குதிரையோடு விரைந்த வேந்தர் அப்போதுதான் வாயிலைக் கடந்தார். பிணங்களின்மேல் ஓடினார். கோட்டைச் சமையற்காரன் பொதியன் அடுப்படியில் மண்டியிட்டு, ஐயா, நான் வெங்காயத்தைத் தவிர எதையும் வெட்டியவனில்லை என்று அழ, அவன்மேல் இறங்கிய கத்தியை வேந்தர் தம் வலக்கையால் தடுத்தார். மணிக்கட்டோடு கை போயிற்று. அந்த வலியில் ஐம்பது ஆண்டாக அடக்கிய தாய்மொழி வெளிவந்தது. நிறுத்துங்கள், இவர்கள் அடைக்கலம் கேட்டவர்கள் என்று அம்மொழியில் அலறினார். அதுவரை ஓயாத கத்திகள் அந்த ஒரு சொல்லுக்கு ஓய்ந்தன. உயிரோடு எஞ்சியவர் ஒன்பதின்மர்.

ஞாழலார் நடந்ததை உணர்ந்து நிலத்தில் அமர்ந்தார். மருமகனே, இதை ஏன் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்டபடியே நினைவிழந்த வேந்தரை, உடன்வந்த வீரர் குதிரையில் கட்டித் தலைநகருக்குக் கொண்டுவந்தனர்.

பிழையாகக் கொன்றவர்களைத் தம் கையாலேயே கழுவி, முடி கத்தரித்து, அதைக் கன்றின் வேரோடு கட்டி நடுவது இயக்கரின் கடமை. அதற்காகவே ஞாழலாரும் நாற்பத்தேழு பேரும் பின்தங்கினர். மாலையில் நீர் வந்தபோது கண்டது, உம் தமையனாரின் தலையை மடியில் வைத்து ஓர் இயக்கன் முடியை அறுப்பதை. பிணத்தையும் விடவில்லையே என்று நீர் கொதித்தது இயல்பே. எட்டுப் பேரை அங்கேயே வெட்டினீர். மற்றவர் கையோங்கவில்லை என்று நீரே வியந்து எழுதியிருந்தீர். இறந்தவரைக் கழுவும் கை, அவ்வேலை முடியுமுன் படைக்கலம் தொடலாகாது என்பது அவர்கள் நெறி. அதனால்தான் நின்று வெட்டுண்டார்கள்.

பழிக்கு ஆள் வேண்டும் என நீர் கேட்டால் வேந்தர் சொல்வது இதுவே. பூதந்தை அறியாமல் மரம் வெட்டினான். ஞாழல் அறியாமல் ஆளை வெட்டினார். அறிந்திருந்தும் அவையோரின் சிரிப்புக்கு அஞ்சி வாய் மூடியிருந்தவன் நான் ஒருவனே. பழிக்கு உரியவன் நான். கொற்றந்தைக்கு என் உயிர் வேண்டுமானால், காவலரின்றி வாயிலில் வந்து நிற்பேன். அந்த நாற்பது பேரை விட்டுவிடட்டும். இதை எழுதுகையில் அடியேன் நம்பிச்சேந்தன் அழுதேன். வேந்தர் எழுது என்றார், எழுதினேன்.

ஆதலின் ஆணையாவது: இவ்வோலை கண்ட கணமே நாற்பதின்மரின் கட்டையும் அவிழ்க்க. யானைகளைக் கொட்டடிக்கு அனுப்புக. வடகரைப் படை வீரர் ஒவ்வொருவருக்கும் இயக்கரின் வழக்கங்கள் கற்பிக்கப்படுக. நம் வழக்கங்களை அவர்களுக்குக் கற்பிக்க, எஞ்சிய ஒன்பதின்மரில் விருப்பமுள்ளவர் செல்க. இதை மீறுவோர் அரச தண்டனைக்கு உரியவர்.

இதற்குமேல் சொல்வது ஆணையன்று. இடக்கையால் வேந்தர் தாமே கீறிய வேண்டுகோள். எழுத்துக் கோணியிருப்பின் பொறுத்துக்கொள்க. உம் தமையனாரின் உடல் பாதி கழுவியபடி கிடக்கிறது. மாமன் அதை முடிக்கட்டும். முதியவரால் ஒரே நேரத்தில் தலையைத் தாங்கவும் தண்ணீர் வார்க்கவும் இயலாது. குடத்தை நீர் பிடிக்கக் கூடுமா?

ஏறர் குலத்து மீன் இலச்சினையும், குருந்தியாரின் இலை இலச்சினையும் இந்நாட்டு ஓலையில் முதன்முறையாக அருகருகே பொறிக்கப்பட்டன.