முதுகு காட்டும் காட்சி

பிப்ரவரி 4

பல் டாக்டரிடம் போக வேண்டிய நாள். போகவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து போன் வந்தது. குதிரைப் படம் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பழைய வெளிநாட்டுப் படத்தைப் புதுப்பிக்கிறார்களாம். அதற்கு முறையான ஒரு பெயர் உண்டு. தமிழில் பார்த்தவர்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் அதில் வரும் விதவைக்குக் குரல் கொடுத்தது நான். அப்போது எனக்கு இருபத்தேழு. இப்போது ஏழாவது ரீலில் தமிழ் ஒலி கெட்டுப்போயிருக்கிறது, மொத்தம் பதினோரு நிமிடம். மறுபடி பேசித் தர முடியுமா என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். சின்ன வயதுப் பெண், பதவிசான பேச்சு. முடியும் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என் வயது நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 7

மகள் மடிக்கணினியில் படத்தைப் போட்டுக் கொடுத்தாள். எத்தனை வருடம் ஆயிற்று!

வறண்ட நிலம், குதிரை மாற்றும் சாவடி, அதைத் தனியாக நடத்தும் ஒரு விதவை. காலில் குண்டடிபட்ட ஒருவன் வந்து விழுகிறான். ஒன்பது நாள் தங்குகிறான், போகிறான். அவ்வளவுதான் கதை. சுட்டுக்கொள்வதெல்லாம் சேர்த்தால் நான்கு நிமிடம் தேறாது. அவளுடைய வீட்டுக்குள் முதல்முறை வரும்போது தொப்பியைக் கழற்றிவிட்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பானே, அதற்காகவே நூறு தடவை பார்க்கலாம். துப்பாக்கி எடுக்கத் தயங்காதவன் தொப்பி வைக்கத் தயங்குகிறான். அவள் மட்டும் என்ன இளைத்தவளா? கட்டுப் போட்டுவிட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்க மாட்டாள். அவனுடைய கால் விரல் அசைகிறதா என்று பார்ப்பாள், எழுந்து போய்விடுவாள்.

என் குரலும் நன்றாகத்தான் இருக்கிறது. நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. படத்தில் என் பெயர்கூட வராது.

பிப்ரவரி 12

சோதனைப் பதிவு. மூன்றே வரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டபோதே தெரிந்துவிட்டது.

“அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஆறாவது ரீல்ல பேசுறவங்களும் ஏழாவது ரீல்ல பேசுறவங்களும் வேற வேற ஆளா தெரியறாங்க.”

சேரவில்லை என்றால் விதவைக்குப் படம் முழுக்கப் புதுக் குரல் போட்டுவிடுவார்களாம். பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார். அந்தப் புதுக் குரலும் வெளியே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று இடம் கொடுத்தாள். நல்ல பெண். அவள் கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

முழுக்க அழிச்சிருவாங்களா? அப்ப நான் அதுல இருந்தேங்கிறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே.

பிப்ரவரி 13

வெந்நீர். உப்புக் கொப்பளிப்பு. மௌனம். எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதிக் காட்டுகிறேன். “இப்படியே இரும்மா, வீடு நிம்மதியா இருக்கு” என்கிறாள் மகள்.

பிப்ரவரி 15

குளியலறையில் மெல்லப் பேசிப் பார்த்தேன். குமரி வேஷம் போட்ட கிழவி. சகிக்கவில்லை.

பிப்ரவரி 16

மௌனம் கலைந்தது. காரணம் சிங்கம். படத்தில் அந்தக் குண்டடிபட்டவனுக்குக் குரல் கொடுத்தவர். நாங்கள் வைத்த பெயர் அது. இப்போது காது மந்தம். நலம் விசாரிக்கக் கூப்பிட்டார், நான் கத்திக் கத்தியே பதில் சொல்ல வேண்டியிருந்தது. இளம் குரல் வரவில்லை என்று புலம்பினேன்.

“நீ எப்ப இளசா பேசின? அந்தப் பொம்பளைக்கு நாப்பது வயசுன்னு சொல்லி, குரலைக் கீழ இறக்கி இறக்கிப் பேசினியே. நாங்க உன்னைக் கிழவின்னுதானே கூப்பிட்டோம்.”

அன்று நாற்பதை எட்டிப் பிடிக்க இருபத்தேழின் மெல்லிய குரலைக் கீழே இறக்கினேன். இன்று அறுபத்தொன்றிலிருந்து இருபத்தேழுக்குத் தாவப் பார்க்கிறேன். அங்கே போவானேன்? நாற்பதுக்குப் போனால் போதுமே. புத்தி இருந்தால் எனக்கே தோன்றியிருக்கும்.

பிப்ரவரி 22

சேர்ந்துவிட்டது! ஆறாவது ரீலின் கடைசி வரியையும் நான் இன்று பேசியதையும் ஒலிப்பதிவாளர் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார். தையலே தெரியவில்லை. மதியத்துக்குள் எல்லா வரியும் முடிந்தது, ஒன்றைத் தவிர.

அவன் குதிரையேறிப் போகும் இடம். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உதடு தெரியாத இடத்தில் நாம் எதை வேண்டுமானாலும் பேசலாம். அன்றைக்கு டப்பிங் இயக்குநர், காட்சி காலியாக இருக்கிறது, ஏதாவது சொல் என்றார். “கதவைத் தாழ் போட மாட்டேன்” என்றேன். வாயில் வந்தது, எழுதிக் கொடுத்தது யாருமில்லை. தியேட்டரில் விசிலடித்தார்கள். இன்றும் ஜனங்கள் அதைச் சொல்லிக் கேலி பேசிக்கொள்கிறார்கள். மற்றதெல்லாம் யாரோ எழுதியது. அது ஒன்றுதான் எனக்கே எனக்கு.

பதினேழு தடவை பேசினேன். ஒவ்வொரு தடவையும் கெஞ்சுகிற மாதிரி வருகிறது. அந்த ஒரு வரியை மட்டும் புதுப்பெண்ணை வைத்து முயன்று பார்க்கலாமா என்று ஒலிப்பதிவாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். நாளை மறுநாள் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என் வரியை இன்னொருத்தி பேசுவதா?

பிப்ரவரி 23

மூல மொழியில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். அன்று மூல ஒலியை யார் கவனித்தோம்? உதட்டைப் பார்ப்போம், பேசுவோம், அடுத்த துண்டுக்குப் போவோம். அங்கே வசனமே இல்லை. காற்று மட்டும். அவளுடைய தோள் ஒருமுறை ஏறி இறங்குகிறது. அதைத்தான் நான் பேசுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சு என்று எடுத்துக்கொண்டேன். தோள் ஏறினால் வசனம் வரும்; அதுதானே நாங்கள் கற்ற வித்தை. அது மூச்சு இல்லை.

அந்த வரியையே எடுத்துவிடச் சொல்லலாமா? அவளுக்காகத்தான் சொல்கிறேனா — இல்லை, எனக்குக் கிடைக்காதது இன்னொருத்திக்கும் வேண்டாம் என்றா? இரண்டும்தான் போலிருக்கிறது. என்ன பிறவி நான்.

பிப்ரவரி 24

சொல்லிவிட்டேன்.

“ஜனங்க மனப்பாடமா வச்சிருக்கிற வசனம்மா. தேடுவாங்களே” என்றார் ஒலிப்பதிவாளர்.

“தேடட்டும். அவ அங்க பேசவே இல்லம்மா. நான்தான் பேசிட்டேன்.”

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இருந்த ஒரு வரியையும் கொடுத்தாயிற்று.

மார்ச் 11

தூக்கம் சரியில்லை. போன் பண்ணி மாற்றிவிடலாமா? பண்ணவில்லை.

மார்ச் 29

திரையிடல். அரங்கு நிறைந்திருந்தது. ஏழாவது ரீல் தொடங்கியதும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் குதிரையேறினான். அவள் வாசலுக்கு வந்து முதுகைக் காட்டி நின்றாள். பின்வரிசையில் ஒருவர் என் வசனத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

சிறுவயதிலிருந்து இருபது தடவையாவது பார்த்திருப்பாள் என் மகள். என் பக்கம் சாய்ந்தாள்.

“அம்மா, அவ அழறாளா?”

“ஆமா.”

“முன்னாடியும் அழுதாளா?”

முன்னாடியும்தான் என்றேன். அதற்குள் எட்டாவது ரீல் வந்து என் பழைய குரல் பேசத் தொடங்கிவிட்டது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.