சித்தியின் பாலாடைக்கட்டி மேல் பழி இல்லை

உஷிட்சே,
ஜனவரி 15

அன்பு மகள் ஸோரிட்சாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பனி விழுந்தால் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது, மற்றபடி சாப்பாட்டுக்கும் வாய்க்கும் குறைவில்லை. வியன்னாவில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி மிலிட்சாவும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். மிலிட்சா பள்ளியில் கணக்கில் முதலாவதாக வந்ததை இந்தத் தெருவில் கேட்காதவர்கள் இல்லை, ரொட்டிக்கடைக்காரியிடம் மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் மூளைதான் அவளுக்கு என்று அப்பாவிடம் சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஏழாம் தேதி நம் கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் உன்னிடம் போனில், சமையலறை நாறுகிறது, விதோசாவா சித்தி கொடுத்த பாலாடைக்கட்டிதான் கெட்டிருக்கிறது, வயதாகிவிட்டதால் அவள் பாத்திரம் சரியாகக் கழுவுவதில்லை என்று சொன்னேன் அல்லவா. அதை நீ அங்கே அவள் மகன் நெனாத்திடம் சொல்ல, அவன் தன் அம்மாவைக் கேட்டுவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பான். ஆனால் அவள் முற்றத்தின் நடுவில் நின்று, "முப்பது வருஷமா என் கையால வாங்கித் தின்னுட்டு இப்ப நாறுதாமா? என் மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே அக்கா, வியன்னா வரைக்கும் போய்ச் சுத்திக்கிட்டு வரணுமா?" என்று கேட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை, மூக்கு உள்ளவர்களைக் கேட்டுப் பார் என்றேன். மறுநாளே அவள் கோவிலுக்குப் போய்த் தனியாக ஒரு மெழுகுவத்தி வாங்கி வந்துவிட்டாள். இருபதாம் தேதி நம் குடும்பப் புனிதர் யோவானின் திருநாளுக்கு அவள் வீட்டில் தனியாக ஏற்றப்போகிறாளாம். சித்தப்பா போன பிறகு இரண்டு வீட்டுக்கும் சேர்த்து நம் வீட்டில் ஒரே மெழுகுவத்திதான் எரிகிறது. ஒரே முற்றத்தில் இரண்டு எரிந்தால் வருகிறவர்கள் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? வீட்டுத் திருநாளுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் நமக்குக் கிடையாது, வருகிறவர்கள் தாங்களாகவே வருவார்கள், வா என்று கூப்பிட்டுச் சமாதானம் செய்யவும் வழியில்லை.

பாலாடைக்கட்டியை உன்னோடு பேசிய அன்றே கோழிகளுக்குப் போட்டுவிட்டேன், அவை ஆசையாகத் தின்றன, நாற்றம் மட்டும் போகவில்லை. அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, அலமாரியில் ஊறிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறக்கப் போனால் அப்பா விடவில்லை, குறுக்குக் காற்று அடித்தால் இடுப்பு போய்விடுமாம், "நாத்தத்துல எவனும் செத்ததில்லடி, காத்துலதான் எங்க மாமா செத்தாரு" என்கிறார். நேற்று முன்தினம் துடைப்பம் பிரிட்ஜுக்குப் பின்னால் விழுந்தது, எடுக்கக் குனிந்தேன், நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. உடனே பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே குளிரில் வைத்துவிட்டு, பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது பக்கம், இடது பக்கம் என்று வழி சொன்னார். பின்னால் அடியில் கறுப்புச் சட்டி மாதிரி மோட்டார் இருக்கிறது, அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. பதினெட்டு வருஷமாக இந்தப் பிரிட்ஜ் என்னிடம் இருக்கிறது, கதவு ரப்பரைக்கூடப் பல் பிரஷ் வைத்துத் தேய்ப்பவள் நான், இப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. உள்ளே பின்சுவரில் வடியும் தண்ணீர் ஓர் ஓட்டை வழியாக இறங்கி அதில் விழுமாம், மோட்டார் சூட்டில் காய்ந்துவிடுமாம். தண்ணீர் என்றால் காயும். அதில் இருந்தது புளித்த முட்டைக்கோஸின் உப்புநீர். கிறிஸ்துமஸுக்குக் கறி வைத்துச் சுற்ற, நிலவறைப் பீப்பாயிலிருந்து இலைகளை எடுத்துப் பெரிய கிண்ணத்தில் தளும்பத் தளும்ப பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தது நான்தான். முன்னால் சிந்தியதைத் துடைத்தேன், பின்னால் ஓடியதைப் பார்க்கவில்லை. அத்தனை நாளும் மோட்டார் அதைச் சூடு பண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

கழுவிவிட்டுப் போய்ச் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அதனால் தட்டை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பனியில் முற்றத்தைத் தாண்டி, அவள் வாசலில் நின்று மோந்து பார் என்றேன். மோந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இது என் பசு குடுத்ததா, உங்க பீப்பா குடுத்ததா?" என்றாள். என் பீப்பாய்தான், தப்பு என் மேல்தான் என்றேன். அவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளிடம் நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்கும் அவள் இறங்கவில்லை. "என் மானம் போனுல போச்சு, போனுல திரும்பி வராது. அஞ்சாங் கிளாஸ் படிச்சவன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, எழுதுங்க. தட்டுல என்ன இருந்துச்சு, யாரு ஊத்தினதுன்னு எழுதுங்க. நெனாத் அதைக் கேட்கணும். கடுதாசி போன அப்புறந்தான் உங்க வாசலை மிதிப்பேன்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டு, இதை அவன் முன்னால் சத்தமாகப் படி. உன் அம்மாவின் பாலாடைக்கட்டியில் ஒரு குறையும் இல்லை, அவள் பாத்திரம் என்னுடையதைவிடச் சுத்தம் என்று பெரியம்மா எழுதியிருக்கிறாள் என்று சொல்.

உன் பிரிட்ஜையும் ஒரு தடவை பார்த்துவிடு. பிளக்கைக் கழற்று, மோட்டார் ஆறட்டும், அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளாதே. தட்டில் தண்ணீர் இருந்தால் முதலில் ஸ்பாஞ்சால் ஒற்றி எடு, நான் அப்படியே தூக்கிப் பாதியைத் தரையில் கொட்டினேன். என்னுடையது கொக்கியில் மாட்டியிருந்தது, உன்னுடையதில் திருகு இருக்கலாம், வராவிட்டால் மல்லுக்கட்டாதே, இருந்த இடத்திலேயே துடை. வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் வினிகர் விட்டுக் கால் மணி நேரம் வைத்து அலசு. நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ஓட்டையில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு, தட்டில் வந்து விழுகிறதா என்று பார்.

விதோசாவா இதுவரை எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் என்ற இடத்தை மட்டும் விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். இப்போது கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள், நான் உண்மையில் தபாலில் போடுகிறேனா என்று பார்க்க வேண்டுமாம். கையில் அந்த மெழுகுவத்தி. திரும்பும் வழியில் கோவிலில் கொடுத்துவிடலாம், "ஒரு வீட்டுக்கு ரெண்டு எதுக்கு" என்கிறாள்.

கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். மிலிட்சாவுக்குக் கம்பளிச் சாக்ஸ் போட்டு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே, சத்தமாகப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
தெசாங்கா