எண்ணெய் குடித்த முக்காலி

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல், உள்ளபடி எழுதுகிறேன். நான் நலம், தோள்பட்டைதான் வலிக்கிறது. உங்கள் முதுகுவலி குறைந்ததா?

மரவேலை வகுப்பில் வெளிர் நிற மரத்தில் ஒரு முக்காலி செய்தேன். மரத்தின் நிறம் மாறாமல் மெருகேற்றினால்தான் கண்காட்சியில் வைப்பார்கள். பளபளக்கட்டும் என்று, தலைக்கு நீங்கள் காய்ச்சிக் கொடுத்த எண்ணெயை முழுவதும் தடவிவிட்டேன். முக்காலி ஈரச் சாக்குபோல் கறுத்துவிட்டது.

வாத்தியார் முகர்ந்து பார்த்தார். "ஏம்மா, பின்னல் போட்டு ரிப்பனும் கட்டிடலாமா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

"எண்ணெய் பட்டா இந்த மரம் கறுத்துரும். தின்னர்ல தொடச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய். அப்புறம் தண்ணி வார்னிஷ மெல்லிசா பூசு" என்றார்.

தினமும் மாலையில் தேய்த்தேன். பழைய நிறம் வந்தது. வார்னிஷ் பால்போல் இருந்தாலும் நிறமில்லாமல் காய்ந்தது. அடியில் ஓரிடத்தை மட்டும் தொடாமல் விட்டேன். அங்கே மூக்கை வைத்தால் நம் வீட்டு வாசனை வரும்.

வாத்தியார் கவிழ்த்துப் பார்த்தார். "கீழ யாரு பாக்கப்போறா" என்று கண்காட்சிக்கு எடுத்துப் போய்விட்டார்.

புட்டியும் காலி. முடிந்தால் கொஞ்சம் எண்ணெய் அனுப்புங்கள். தலைக்குத்தான்.

விடுதியில் விளக்கை அணைக்கிறார்கள்.

உங்கள் மகள்