மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்த மாதம்

ஜூன் 4
திரை பாதி கறுத்துவிட்டது. பாடத்தின் நடுவில் ஆன்லைனில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் கொரியப் பையன், "டீச்சர், ஏன் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாக்குறீங்க?" என்கிறான். கணினி இல்லாவிட்டால் சோறு இல்லை. பழுதுபார்க்கக் கொடுத்தே ஆக வேண்டும் – யாரோ ஒருவர் கையில்.

ஜூன் 5
மகள் அமிஹானின் படங்கள், அவள் பள்ளிச் சான்றுகள், வாடகைச் சீட்டு, புருஷன் விர்ஹிலியோ அடித்த காயங்களின் படங்கள் – எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டு, கணினியில் துடைத்தேன். மின்னஞ்சலை விட்டு வெளியேறினேன். சேமித்த கடவுச்சொற்களை அழித்தேன். கடைக்காரர் திறந்து பார்க்கவென்று கணினியில் வெறும் பயனர் கணக்கு ஒன்று போட்டேன். பக்கத்து அறை நெனிதா அக்காவுக்குச் சிரிப்பு. "ஏண்டி சொலேடா, நீ என்ன மந்திரி பொண்டாட்டியா? உன் போட்டோவை எவன் திருடப் போறான்?"

பகோலோடு ஊரிலிருந்து குழந்தையோடு கடல் தாண்டி ஓடி இந்த டாவோ நகரத்துக்கு வந்தவள் நான் என்று அவருக்குத் தெரியாது. இந்த நாட்டில் விவாகரத்து கிடையாது. காகிதத்தில் இன்னும் அவன் மனைவிதான். அவன் வந்து அமிஹானை அள்ளிக்கொண்டு போனால் யாரிடம் போய் நிற்பேன்?

ஜூன் 6
கடையில் பெயர், முகவரி கேட்டு ரசீது போட்டார்கள். கடவுச்சொல்லை ஒட்டுத்தாளில் எழுதி மூடிமேல் ஒட்டினார்கள், ஊரே படிக்கும்படி. படிக்கட்டும். உள்ளே ஒன்றுமில்லை.

ஜூன் 11
கணினி வந்துவிட்டது. கடைக்காரர் ருபெர்தோ அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனை உயர்த்தினார். "மேடம், நம்ம கடை பேஜ்ல போடணும். ஒரு சிரிப்பு!"

சிரித்தேன். கட்டைவிரலைக்கூடத் தூக்கினேன். போனை நீட்டினால் எங்கள் ஆட்களுக்கு வாய் தானாக விரியும், சாவு வீட்டில்கூட. ஜீப்னி வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் – அய்யோ. என்ன காரியம் பண்ணிட்டேன்?

ஜூன் 12
படத்தை நீக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "எதுக்கு மேடம்? அழகா விழுந்திருக்கீங்க. எத்தனை லைக் பாருங்க!" என்று சிரித்துவிட்டுத்தான் நீக்கினார். அதற்குள் படத்தின் கீழே விர்ஹிலியோவின் தங்கை எழுதியிருந்தாள்: "அண்ணி, உடம்பு நல்லா பூசினாப்ல இருக்கீங்க. டாவோ தண்ணி ஒத்துக்கிச்சு போல."

கூடவே ஓர் இதயம்.

ஜூன் 15
ருபெர்தோ போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம். "உங்க சார் கடைக்கு வந்தாரு மேடம். திடீர்னு வந்து நின்னு உங்களை அசத்தணுமாம். தங்கமான மனுஷன், எங்க எல்லாருக்கும் பன் வாங்கிக் குடுத்தாரு. ரசீதைப் பார்த்து அட்ரஸ் சொல்லிட்டேன். காட்டிக்காதீங்க, என்ன?"

பள்ளிக்கு ஓடினேன். அமிஹானைக் கூட்டிக்கொண்டு நேரே துறைமுகம். வீட்டுக்குத் திரும்பவில்லை. கணினி அங்கேயே கிடக்கிறது. காயப் படங்கள் இருந்த பென் டிரைவும். கைப்பையில் இருந்த இந்த நோட்டுதான் மிச்சம்.

ஜூன் 28
ஊர்ப் பெயரை இந்த நோட்டில்கூட எழுதப் போவதில்லை.

அறை வாடகைக்கு விட்ட அம்மா அமிஹானின் கன்னத்தைக் கிள்ளினார். "எந்த ஊருடி செல்லம்? அப்பா எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "செபூ. அப்பா செத்துட்டாரு."

எட்டு வயது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அமிஹான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.